சுடுதண்ணீர்த் தடாகமும் என் குறுக்குக்கட்டும்

பஸ்ஸில் மணிக்கயிற்றை இழுக்கிற ஆள் நான் இல்லை. இழுத்தால் மணி அடிக்கும், முன்னால் இருக்கிறவர்களில் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். என் தரிப்பில் வேறு யாராவது இறங்கினால் அவர்களோடு சேர்ந்து இறங்கிவிடுவேன். ஒருவரும் இறங்காவிட்டால் அடுத்த தரிப்புவரை போய் அங்கிருந்து நடந்து வருவேன். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கும் அந்த அடுத்த தரிப்புக்கும் இடையில், நடைபாதையில் எங்கே தண்ணீர் உறையும், எங்கே கால் வழுக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அத்தனை தரம் நடந்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான் வாய் திறந்து ஒன்றைக் கேட்டேன் என்றால் வீட்டில் அது ஒரு செய்திதான்.

நான் வேலை செய்வது உறைந்த சாப்பாட்டைப் பெட்டிகளில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில். கோடையிலும் உள்ளே இரண்டு சோடிக் காலுறை, தடித்த கையுறை, கழுத்துவரை மூடிய அங்கி. வீட்டுக்கு வந்த பிறகும் விரல் மொழிகளில், மூட்டுக்கு மூட்டு, குளிர் கொஞ்ச நேரம் நிற்கும். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. ஐஸ்லாந்து. கறுத்த கல், அதற்கு நடுவே நீராவி பறக்கும் தண்ணீர், அதற்குள் கழுத்துவரை மூழ்கி இருக்கிற சனம். மேலே மழையும் பனியும் கலந்து கொட்டுகிறது. அவர்கள் எழும்பி ஓடவில்லை. ஒருவரோடு ஒருவர் கதைத்துக்கொண்டு இருக்கிறார்கள். குளிருக்கு நடுவில் இருந்துகொண்டு குளிரைச் சட்டை செய்யாத சனத்தை நான் அதுவரை கண்டதில்லை.

அன்று பின்னேரம் என் கணவரிடம் போனை நீட்டினேன்.

"இஞ்சருங்கோ, எனக்கு உதுக்குள்ள ஒருக்கா இருக்க வேணும்."

"எதுக்குள்ள?"

"உந்தத் தண்ணிக்குள்ள."

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் போனைப் பார்த்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் இப்படிக் கேட்டு அவர் கேட்டதில்லை. உடனே மகளுக்குப் போன் அடித்துச் சொல்லிவிட்டார். அவர் பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் விநியோகிக்கிற வான் ஓடுகிறவர். எந்த வானைக் கொடுத்தாலும் எந்தத் தெருவிலும் ஓட்டுவார். அதனால் மகள் எங்களுக்கு ஹோட்டல் பார்க்கவில்லை. படுக்கை, அடுப்பு, சூடாக்கி எல்லாம் உள்ளேயே இருக்கிற ஒரு வானை ஒழுங்கு செய்தாள். அதில் படுக்கலாம், சமைக்கலாம், விரும்பிய இடத்தில் நிறுத்தலாம்.

அந்த வானில் மூன்று பேர் படுக்கலாம் என்ற விஷயம் எப்படியோ றிச்மண்ட் ஹில் வரைக்கும் போய்விட்டது. அங்கேதான் என் மச்சாள் இருக்கிறார், என் கணவருடைய அக்கா. "மற்றப் படுக்கையைச் சும்மா ஏன் விடுவான்?" என்று கேட்டார். பிறகு நாங்கள் இரண்டு பேரில்லை, மூன்று பேர் என்று முடிவாகிவிட்டது. மகள் வேலையென்று நின்றுவிட்டாள்.

மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலியாண மண்டபத்தில் அவர் ஒரு மூலையில் இருந்து கதைத்தால் மற்ற மூலையில் இருப்பவர் பதில் சொல்வார். எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன நடந்தாலும் அதை அவர்தான் எல்லோருக்கும் சொல்வார், குரலையும் மாற்றிச் சொல்வார். என் குரலுக்கு அவர் வாயை அரைவாசி மூடிக்கொண்டு முணுமுணுப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள் மகள் போனில் புத்தி சொன்னாள்.

"அம்மா, வான் கதவைத் திறக்கேக்க ரெண்டு கையாலயும் பிடிக்கோணும், ஓகே? அங்கத்தை விண்ட் கதவை அப்படியே பிச்சுக்கொண்டு போயிடும். சீரியஸ்லி."

"ஓம்."

"அதோட தண்ணிக்குள்ள இறங்க முதல் கட்டாயம் குளிக்கோணும். லைக், ப்ரொப்பரா. அங்க ரூல் அது."

எனக்குச் சுருக்கென்றது. "நாங்கள் குளிக்காமல் எங்க பிள்ளை போறனாங்கள்?"

எங்களோடு வெளிக்கிட அன்றே வந்து பக்கத்தில் இருந்த மச்சாள் போனுக்குக் கேட்கச் சொன்னார், "எங்கட ஆக்களுக்குக் குளிக்கச் சொல்லித் தாற காலமும் வந்திட்டுது."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மச்சாள் போனை வாங்கி வேறு கதைக்குப் போய்விட்டார். நான் ஒரு புதுச் சவர்க்காரக் கட்டி, தேங்காய்ப்பூத் துவாய், குளிக்கிறபோது கட்டுகிற கறுப்புப் பாவாடை எல்லாவற்றையும் பெட்டியில் வைத்தேன். குளியல் விஷயத்தில் எங்களை யாரும் குறை சொல்லக்கூடாது.

ஐஸ்லாந்தில் இறங்கியபோது மழை. வானை எடுத்து ஓடத் தொடங்கியபோது வெயில். முதல் மேட்டைத் தாண்டியபோது ஆலங்கட்டி விழுந்து கூரையில் கடலை வறுத்தது. ரொறன்ரோவில் குளிர் வந்தால் வந்ததுதான், பங்குனி தாண்டியும் போகாது. உடுப்பை ஒருதரம் போட்டுக்கொண்டால் போதும். இங்கே அங்கியைப் போட்டு முடிப்பதற்குள் கழற்ற வேண்டியிருந்தது. அவர் படம் எடுக்க இறங்கிய முதல் இடத்திலேயே தொப்பி பறந்தது. அது போன வேகத்தைப் பார்த்துவிட்டுத் துரத்தவும் இல்லை.

கொஞ்சத் தூரம் போனதும் தெருவின் இரண்டு பக்கமும் நிலம் புகைக்கத் தொடங்கியது. இடியப்பச் சட்டியின் மூடியைத் தூக்கினதுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை ஆவி. நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, கண்ணாடியைத் திற," என்றார் மச்சாள் பின்னாலிருந்து.

"ஏனக்கா?"

"ஏனெண்டு உனக்குத்தான் தெரியும்."

"சத்தியமா நான் இல்லை."

"பிளேனில தந்த முட்டையைச் சாப்பிடாத எண்டு அப்பவே சொன்னனான்."

அவர் கண்ணாடியை இறக்கினார். கூழ்முட்டை நாற்றம் இரண்டு மடங்காக உள்ளே வந்தது. அது நிலத்துக்குக் கீழிருந்து வருகிற கந்தகம். அங்கத்தைச் சுடுதண்ணீர்க் குழாயிலும் அதே மணம்தான் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

"இப்ப மன்னிப்புக் கேளுங்கோ," என்றார் அவர்.

"பிறகு கேக்கிறன். முதல் கண்ணாடியைப் பூட்டு."

முதலில் போன தடாகம் ஒரு சின்னப் பட்டணத்தில் இருந்தது. அந்த நாட்டில் நாங்கள் ஓடிய பக்கங்களில் ஊருக்கு ஊர் சுடுதண்ணீர்த் தடாகம் உண்டு. நீந்துவதற்கு ஒன்று பெரிதாக, சும்மா இருப்பதற்கு வட்டத் தொட்டிகள் பக்கத்திலே, எல்லாம் வெட்டவெளியில். வாசலில் வைத்தே மச்சாள் தனக்கு பிரஷர், சூடு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லித் தேத்தண்ணிக் கடைப் பக்கம் போய்விட்டார். கணவர் ஆண்கள் பக்கம் போனார். நான் தனியாகப் பெண்கள் பக்கம் போனேன்.

நேரம் அப்படி, உள்ளே கூட்டம் குறைவு. நான் மூலையைப் பார்த்துத் திரும்பி நின்று, பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றி இறுக்கிக் கட்டினேன். இதற்குத்தான் குறுக்குக்கட்டு என்பது. அதற்குள்ளேயே போட்டிருப்பதைக் கழற்றலாம், குளிக்கலாம், மாற்றுடுப்பைப் போடலாம். ஓரங்குலம் வெளியே தெரியாது. எங்கள் பெண்களுக்கு இது கண்ணைக் கட்டிவிட்டாலும் வரும். ஷவருக்குக் கீழே நின்று தலையில் தண்ணீர் விட்டு, இரண்டு தரம் சவர்க்காரம் போட்டு, குதிக்கால்வரை உரஞ்சிக் குளித்தேன். எனக்குப் பிறகு வந்த இரண்டு பேர் எனக்கு முதலே குளித்து முடித்துப் போய்விட்டார்கள். அந்த மண்டபத்தில் அன்று என்னைவிடச் சுத்தமாகக் குளித்தவர் இருந்திருக்க முடியாது. மகள் வாங்கித் தந்த நீச்சல் உடுப்பையும் ஈரப் பாவாடைக்குள்ளேயே இழுத்துப் போட்டுக்கொண்டு, பாவாடையை அவிழ்க்காமல் தடாகத்துக்குப் போகிற கதவடிக்குப் போனேன்.

அங்கே, நிலத்துத் தண்ணீரை வழித்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் நின்றார். அந்தக் குளியலறைக்குப் பொறுப்பானவர்.

"இல்லை, இல்லை. முதலில் குளிக்க வேண்டும்," என்றார் ஆங்கிலத்தில், மெல்லிய குரலில்.

குளித்துவிட்டேன் என்று சொல்லி என் ஈரத் தலையைத் தொட்டுக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு என் பாவாடையைக் காட்டினார். பிறகு சுவரைக் காட்டினார். சுவரில் ஒரு படம். ஆள் மாதிரி ஒரு உருவம், அதில் எங்கெங்கே சவர்க்காரம் போட வேண்டும் என்று சிவப்பாகப் பூசியிருந்தது. உடுப்பு எதுவும் இல்லாமல் குளிக்க வேண்டும், அப்படிக் குளித்த பிறகுதான் நீச்சல் உடுப்பு. அதுதான் மகள் சொன்ன ரூல். தண்ணீருக்கு மருந்து அதிகம் போடுவதில்லையாம், ஆகவே வருகிறவர் எல்லோரும் முழுசாகக் கழுவிவிட்டு வர வேண்டுமாம். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குள் இரண்டு சின்னப் பிள்ளைகள் வந்து நின்று என்னை அண்ணாந்து பார்த்தார்கள். பயம் வந்தால் எனக்கு முதலில் போவது ஆங்கிலம். "ஓகே, தாங்யூ" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியே போய், பாவாடைக்குள்ளேயே உடுப்பை மாற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மச்சாள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்ன கெதியா வந்திட்டீர், தண்ணி ஆறிப்போச்சோ?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். மேசை ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். நான் துவாயால் தலையைத் துடைத்து முடிப்பதற்குள் குடும்பக் குழுவுக்குக் குரல் செய்தி போய்விட்டது. "கேட்டியளோ, எங்கட மச்சாளை இஞ்ச குளிக்கேல்லையெண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம். ஒரு கட்டிச் சவர்க்காரத்தை முடிச்ச மனிசியை."

கணவர் அவித்த நண்டு மாதிரிச் சிவந்துபோய் வந்தார். "எங்க நிண்டனீர்? நான் தொட்டிக்குள்ள உமக்கெண்டு இடம் பிடிச்சு வைச்சுக்கொண்டு இருக்கிறன்."

"உங்களை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"என்னத்தைக் கேக்கிறது? எல்லாத்தையும் கழட்டிப்போட்டுக் குளிச்சன், போனன்."

செருப்பைக் கழற்றினதுபோலச் சொன்னார்.

அன்று பின்னேரம் வானுக்குள் சோறும் பருப்பும், தகரத்தில் அடைத்து வருகிற ரின்மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குழுவிலிருந்து பதில்கள் வந்துகொண்டே இருந்தன. மச்சாள் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் போட்டார். வோபர்னில் இருக்கும் ஒரு பெறாமகள் சிரித்த சிரிப்பில் வசனமே விளங்கவில்லை.

"மச்சாள், நீங்கள் ஏன் வரேல்லை?" என்று கேட்டேன்.

"எனக்குப் பிரஷரெல்லோ."

"போன கிழமை டொக்டர் ஒண்டுமில்லை எண்டவர் எண்டியள்," என்றார் அவர்.

"உது வேற பிரஷர். நீ சோத்தைத் தின்."

அவர்கள் சிரித்ததைப் பற்றி எனக்குப் பெரிய கோபம் இல்லை. எங்கள் குடும்பத்தில் சிரிக்காவிட்டால்தான் பயப்பட வேண்டும். என்னை அரித்தது வேறு. வாழ்க்கையில் ஒன்றைக் கேட்டு, அதற்காகக் கடல் தாண்டி வந்து, கதவடிவரை போய்த் திரும்பியிருக்கிறேன். இப்படியே ரொறன்ரோவுக்குப் போனால் அந்தத் தண்ணீர் எனக்கு இல்லை என்று ஆகிவிடும். கேட்டது பிழை என்றும் ஆகிவிடும். பிறகு நான் இன்னொன்றைக் கேட்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மலையடியில் சுடுதண்ணீர் ஓடை ஒன்று இருக்கிறதாம், குளியலறையும் இல்லை, காவலுக்கு ஆளும் இல்லை, போட்ட உடுப்போடு இறங்கலாம். வானை நிறுத்திவிட்டு நடந்தோம். மழை பக்கவாட்டில் அடித்தது. ஓடை முழங்காலுக்குக் கீழேதான், தண்ணீர் தேத்தண்ணி ஆறினதுபோல. அடியில் கல்லும் பாசியும். நான் காற்சட்டையோடும் மழை அங்கியோடும் ஒரு கல்லில் இருந்து காலை உள்ளே விட்டேன்.

"நல்லா இருக்கோ?" என்றார் அவர். மழைத் தண்ணீர் அவருடைய மூக்கு நுனியால் வடிந்துகொண்டிருந்தது.

"ஓம்."

"அப்ப இறங்கியாச்சு எண்டு படம் எடுத்து அனுப்புவம். அக்கான்ர வாய் மூடும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். படம் எடுத்தால் கதை முடிந்தது, யாரும் கேட்கப் போவதில்லை. அவர் போனை எடுத்துத் துடைத்துவிட்டுத் தூக்கிப் பிடித்தார். நான் கையை முன்னால் நீட்டி மறித்தேன்.

"வேண்டாம். நான் கேட்டது இது இல்லை."

அவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். வானுக்குத் திரும்பி நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அங்கிருந்து விமான நிலையம் இருக்கிற பக்கம் திரும்ப வேண்டும். பாதி வழியில் காற்று வந்தது. காற்று என்று சொன்னால் எங்கள் எட்டாம் மாடிப் பலகணியில் கொடியில் கிடக்கிற துணியைத் தூக்குமே, அது இல்லை. அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, தோளைச் சரித்துக்கொண்டு ஓட்டினார். வழமையான பகிடி ஒன்றும் விடவில்லை, நிலைமை மோசம் என்று அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஒரு மீன்பிடி ஊருக்குள் போனதும் போனைப் பார்த்தார். வரைபடத்தில் முன்னால் போகிற தெரு சிவப்பாகிவிட்டது.

"காத்துக்கு றோட்டைப் பூட்டிப்போட்டாங்கள். இனிக் காத்து விட்டாத்தான்."

வான்கள் நிறுத்துகிற இடம் அந்த ஊர்த் தடாகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. மதிலுக்கு மேலால் நீராவி எழும்பி உடனேயே காற்றில் கிழிந்து போவது எங்கள் கண்ணாடியில் தெரிந்தது. தெரு திறந்தால் நேரே விமானம்தான், நடுவில் வேறெங்கும் நிற்க நேரமில்லை. இனி ஒரு தடாகம் என்றால் இதுதான்.

காலையில் எழும்பியபோதும் வான் ஆடிக்கொண்டிருந்தது. நான் துவாயையும் நீச்சல் உடுப்பையும் ஒரு பையில் போட்டேன். மச்சாள் கீழ்ப் படுக்கையில் போர்வையைத் தாடைவரை இழுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். முன் சீற்றின் முதுகில் என் கறுப்புப் பாவாடை காயப் போட்டபடி தொங்கியது.

"மச்சாள், பாவாடையை மறந்திட்டீர்."

"மறக்கேல்லை."

மச்சாள் முழங்கையை ஊன்றி எழும்பினார். கணவர் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தபடி, "நானும் வரட்டோ?" என்று கேட்டார்.

"நீங்கள் வந்து என்ன செய்யிறது? அது பொம்பிளையள் பக்கம்."

கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறந்து இறங்கினேன்.

உள்ளே இந்த முறை கூட்டம். தெரு பூட்டியதால் ஊர்ச்சனம் முழுக்க அங்கே வந்துவிட்டதுபோல இருந்தது. பெண்கள் உடுப்பில்லாமல் நின்றுகொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரிச் சாதாரணமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய் பிள்ளையின் காலுறையைத் தேடிக்கொண்டு திட்டுகிறாள். வயதான ஒருவர் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைத் துடைக்கிறார். ஒருவருக்கு மார்பு ஒரு பக்கம் வெட்டி எடுத்த அடையாளம், நேர்கோடாக. அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். மடிந்த வயிறு, நரம்பு புடைத்த கால், ஒப்பரேஷன் தழும்பு. யாரும் ஒன்றையும் இழுத்து மூடவில்லை, ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்க்கவும் இல்லை.

நான் என் கொளுவிக்கு முன்னால் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொழிற்சாலையில் உடுப்பு மாற்றும்போது இத்தனை வருடமும் நான் இரும்பு அலுமாரியின் கதவைத் திறந்து அதற்குப் பின்னால் நின்றுதான் மாற்றியிருக்கிறேன். இங்கே அலுமாரிக்குக் கதவும் சின்னது. மகளைப் பெற்றபோது வெட்டிய தழும்பு எனக்கும் இருக்கிறது. பொரிக்கிற தாச்சியில் எண்ணெய் தெறித்த அடையாளமும் இருக்கிறது. டொக்டரைத் தவிர வேறொருவரும் அவற்றை வெளிச்சத்தில் கண்டதில்லை. வெளியே போய்விடலாமா என்றும் நினைத்தேன். கால் கதவுப் பக்கம் திரும்பவில்லை. அதை வைத்துத்தான் முடிவெடுத்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்து வைத்தேன். துவாயையும் கொளுவியில் போட்டேன். அங்கிருந்து ஷவர் வரைக்கும் நடந்தேன். குனிந்து நடக்கவில்லை. எப்படி நடந்தேன் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் குனியவில்லை.

தண்ணீர் கூழ்முட்டை மணத்தோடு சூடாகத் தலையில் விழுந்தது. நான் என் சவர்க்காரத்தை வானிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். சுவரிலிருந்த சவர்க்காரப் போத்தலை அமத்தினேன், வெறும் போத்தல். பக்கத்து ஷவரில் நின்ற வெள்ளைத் தலை மூதாட்டி என் கையைத் தட்டித் தன் பக்கத்துப் போத்தலைக் காட்டினார். முகத்தைப் பார்த்துத்தான் காட்டினார். நான் "தாங்யூ" என்றேன். அவர் ஏதோ சொன்னார், காற்றைப் பற்றி என்று நினைக்கிறேன். மேலே கூரைத் தகரம் அடித்துக்கொண்டிருந்தது. படத்தில் சிவப்பாகப் பூசியிருந்த இடமெல்லாம் சவர்க்காரம் போட்டேன். பிறகு நீச்சல் உடுப்பைப் போட்டேன். பாவாடைக்குள் நின்று போடுவதைவிட அது எவ்வளவு சுகமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

கதவைத் தள்ளினேன். யாரும் மறிக்கவில்லை.

வெளியே ஆலங்கட்டி. கல் பதித்த நிலம் காலைக் கடித்தது. நான் ஓடினேன். அரை நூற்றாண்டு தாண்டிய, பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத நான், நீச்சல் உடுப்போடு வெறுங்காலில் ஓடிப்போய் வட்டத் தொட்டிப் படியில் இறங்கினேன். முழங்கால், இடுப்பு, தோள், கழுத்து. சூடு முதலில் ஊசியாகக் குத்தியது, பிறகு உள்ளே இறங்கத் தொடங்கியது. விரல் மொழிகளில் இருந்த குளிர் ஒவ்வொரு விரலாக விட்டுப் போனதை நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். மேலே ஆலங்கட்டி தலையில் கொட்டியது. கொட்டட்டும். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை. அவர்களும் சிரித்தார்கள்.

வெள்ளைத் தலை மூதாட்டியும் வந்து இறங்கினார். எங்கிருந்து வருகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ரொறன்ரோ."

"ஐயோ," என்றார் முகத்தைச் சுளித்துக்கொண்டு. "மாரியில் ஒருமுறை வந்தேன். என்னால் முடியவில்லை. அங்கே சரியான குளிர்."

தலையில் ஆலங்கட்டி குவிந்திருக்க அவர் அதைச் சொன்னார். நான் என் தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னேன், பெட்டிகளைப் பற்றி, இரண்டு சோடிக் காலுறையைப் பற்றி. போன ஆங்கிலம் எப்படித் திரும்பி வந்ததென்று தெரியாது. தெரியாத ஒரு மனிதரோடு நானாக அவ்வளவு கதைத்தது அதுதான் முதல் தரம்.

வானுக்குத் திரும்பியபோது அவர் என் முகத்தைப் பார்த்த உடனேயே எழும்பிவிட்டார். பெரிய கோப்பையில் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மச்சாள்தான் கேட்டார்.

"உண்மையா?"

"ஓம்."

"எல்லாத்தையும்?"

"ஓம்."

"பொய் சொல்லாதையும்."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். மச்சாள் வெளியே நீராவியைப் பார்த்தார். பாவாடையைப் பார்த்தார். குழுவுக்கு அவர் அப்போது செய்தி எதுவும் அனுப்பவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுக் கோப்பை கழுவிய பிறகு, "நானும் ஒருக்கா வந்து பாப்பம்," என்றார். "சும்மா. இறங்க மாட்டன்."

"பிரஷர்?" என்றார் அவர்.

"நீ வாயைப் பொத்து."

மகள் வாங்கித் தந்ததில் நீச்சல் உடுப்பு ஒன்று மேலதிகமாக இருந்தது. உடுப்பு மாற்றும் இடத்தில் மச்சாள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. என்னைவிட மெல்லமாகக் கதைத்தார்.

"மச்சாள், இவையள் என்னெண்டு இப்பிடி நிக்கினம்?"

"நீங்களும் நில்லுங்கோ."

"நீர் அங்கால திரும்பும்."

"திரும்பீட்டன்."

"கண்ணையும் மூடும்."

"மூடினால் விழுந்துபோவன் மச்சாள். நான் சுவரைப் பாக்கிறன். நீங்களும் சுவரைப் பாருங்கோ."

இரண்டு பேரும் இரண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து ஷவரில் நின்றோம்.

"மச்சாள், ஏதாவது கதையும்."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"எதையாவது. சும்மா நிண்டால் நான் ஓடிப்போவன்."

ஆகவே நான் கதைத்தேன். இரவுக்கு மிச்சச் சோற்றை என்ன செய்யலாம், ரின்மீன் இன்னும் எத்தனை கிடக்கிறது, வெங்காயம் காணுமா என்றெல்லாம். முதுகுப் பக்கத்திலிருந்து "ம்" "ம்" என்று சத்தம் வந்தது. முப்பது வருடத்தில் நான் கதைக்க மச்சாள் "ம்" கொட்டியதை நான் அன்றுதான் கேட்டேன். அவர் குளித்து முடிக்கும்வரை நான் நிறுத்தவில்லை.

வெளியே போனபோது ஆலங்கட்டி விட்டு வெயில் அடித்தது. காற்று மட்டும் இருந்தது. கணவர் எங்களுக்கு முன்னரே தொட்டிக்குள் இருந்தார். அக்காவைக் கண்டதும் அவருக்கு வாய் பிளந்தது. மச்சாள் கழுத்துவரை இறங்கி, கண்ணை மூடி, நீளமாக மூச்சு விட்டார்.

"என்ர அம்மாளாச்சி," என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் திரும்பி வந்தது. "தம்பி, இவவுக்குத் துணைக்கு ஆள் இல்லையெண்டுதான் நான் வந்தனான், தெரியுமோ."

"இல்லை மச்சாள்," என்றேன் நான். "காலமை நான் தனியத்தான் வந்தனான். இப்ப உங்களைக் கூட்டிக்கொண்டு வந்ததும் நான்தான். குழுவில சொல்லேக்க அப்பிடியே சொல்லுங்கோ."

சொல்லிவிட்டு எனக்கே கொஞ்சம் திகைப்பாக இருந்தது. அவர் தண்ணீரைப் பார்த்துச் சிரித்தார். மச்சாள் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"சரி, சரி. சொல்லுறன்."

காற்று மெல்ல மெல்லத் தணிந்தது. மதிலுக்கு மேலே நீராவி கிழியாமல் நேரே எழும்பத் தொடங்கியது. அவர் எழும்பிப்போய்த் துவாய்க்குள் வைத்திருந்த போனைப் பார்த்துவிட்டு வந்தார்.

"றோட்டுத் திறந்திட்டாங்கள். வாங்கோ, வெளிக்கிடுவம்."

மச்சாள் படியைப் பிடித்தார். நான் அசையவில்லை.

"நீங்கள் போய் உடுப்பை மாத்துங்கோ," என்றேன். "நான் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கப் போறன்."

"பிளேனுக்கு நேரம் கிடக்குத்தான், ஆனா..." அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். மேற்கில் இன்னொரு கறுப்பு முகில் வந்துகொண்டிருந்தது. "திரும்பவும் பூட்டினாங்களெண்டால்?"

"பூட்டட்டும்."

அவர் கொஞ்ச நேரம் ஈரக் காலோடு நின்றார். பிறகு போனைத் துவாய்க்குள் சுற்றி வைத்துவிட்டுத் திரும்பவும் தண்ணீருக்குள் இறங்கினார். படியைப் பிடித்துக்கொண்டு நின்ற மச்சாளும் கையை விட்டார்.